மதிப்பு வீச்சுப் பிழை: ஆப்டிமைசர் தவறாக வெட்டிய கிளையை மீட்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரே நிரல், கம்பைலரின் ஓ0 நிலையில் (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) சரியான விடை, ஓ2 நிலையில் (ஆப்டிமைசேஷனோடு) தப்பான விடை. டம்ப்பை (கம்பைலர் தன் இடைநிலை வேலையை அச்சிட்ட கோப்பு) திறந்து பார்த்தால், நிரலை வேகமாக்கும் பகுதியான ஆப்டிமைசர் ஒரு இஃப் கிளையை "இது நடக்கவே நடக்காது" என்று முடிவுகட்டி வெட்டியிருக்கிறது. முழுஎண்களின் மதிப்பு வீச்சு (ஒரு மாறி எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை ஆகலாம் என்ற கணிப்பு) தொடர்பான பிழைகள் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். புதிதாக வருபவர்கள் நேராக வெட்டிய பாஸை (ஆப்டிமைசர் நிரலின் மேல் ஓட்டும் ஒவ்வொரு படியும் ஒரு பாஸ்) திறந்து, அங்கே ஒரு நிபந்தனையைச் செருகி, டெஸ்ட் பச்சையானதும் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் வெட்டிய பாஸ் பல நேரம் நிரபராதி. வதந்தியைத் திருப்பிச் சொன்னவரைப் பிடித்துப் பயனில்லை, கிளப்பியவரைப் பிடிக்க வேண்டும். கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அ என்பது 8 பிட் குறியுள்ள எண், அதாவது −128 முதல் 127 வரை:

ஆ = (அ < 0) ? −அ : அ — விடை மறுபடி 8 பிட்டில் சேமிக்கப்படுகிறது
ஆ < 0 எனில் சிறப்புவழி, இல்லையெனில் வழக்கவழி

அ = −128 என்றால் என்ன ஆக வேண்டும்? சி மொழியில் 8 பிட் எண் கணக்குக்குள் நுழையும்போது இன்ட் வகைக்கு உயர்கிறது. அதனால் −(−128) = 128, ஓவர்ஃப்ளோ (விடை வகைக்குள் அடங்காமல் வழிவது) எதுவும் இல்லை. திரும்ப 8 பிட்டில் சேமிக்கும்போது 128 அடங்காது. ஜிசிசி, கிளாங் என்ற இரு சி கம்பைலர்களும் இங்கே கீழ் 8 பிட்களை மட்டும் வைத்துக்கொள்கின்றன, ஆகவே ஆ = −128. சிறப்புவழி ஓட வேண்டும். ஓ2-வில் அது ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். சாத்தியமான 256 உள்ளீடுகளில் ஒன்றே ஒன்றில்தான் தவறு. இந்த வகைப் பிழைகள் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம்.

0. தொடங்கும் முன் தேவையானவை

அசெர்ஷன்களை (கம்பைலர் தன்னைத்தானே சரிபார்க்கும் சோதனைகள்) இயக்கிக் கட்டிய கம்பைலர் ஒன்று வேண்டும். வெளியீட்டுப் பதிப்புகளில் அவை பொதுவாக அணைந்திருக்கும். வீச்சைக் கையாளும் கோடில் அசெர்ஷன்கள் நிறைய உண்டு. நீங்கள் நாள்கணக்கில் தேடப்போகும் தவறை ஒரு நொடியில் காட்டிவிட்டு நின்றுபோகக்கூடியவை அவை.

நிரலைச் சுருக்கும் கருவி: சி-ரெடியூஸ் அல்லது சிவைஸ். ஐஆர் (கம்பைலருக்குள் நிரல் எடுக்கும் இடைநிலை வடிவம்) மட்டத்தில் எல்எல்விஎம்-ரெடியூஸ். எல்எல்விஎம்மில் (கிளாங்கின் அடியில் உள்ள கம்பைலர் கட்டமைப்பு) வேலை என்றால், ஒரு மாற்றம் நிரலின் பொருளைக் கெடுக்கவில்லையா என்று சரிபார்க்கும் அலைவ்2-வும் கட்டாயம்.

அப்புறம், வீச்சை எழுதும் முறை பழகியிருக்க வேண்டும். எல்எல்விஎம் வீச்சைக் குறிக்கும் வடிவமான கான்ஸ்டன்ட்ரேஞ்ச் அரைத்திறந்த இடைவெளி: [5, 9) என்றால் 5, 6, 7, 8. கீழ் எல்லை சேரும், மேல் எல்லை சேராது. அது வட்டமாகவும் சுற்றும். 8 பிட்டில் [250, 4) என்றால் 250 முதல் 255 வரை, பிறகு 0 முதல் 3 வரை. வீச்சுக்குக் குறி கிடையாது. ஒரே பிட் வரிசையை 255 என்றும் படிக்கலாம், −1 என்றும் படிக்கலாம். டம்ப்பில் பெரும்பாலும் குறியுள்ள எண்ணாகத்தான் அச்சாகும். [0, −127) என்று கண்ணில் பட்டால் பதற வேண்டாம், அது 0 முதல் 128 வரை, அதாவது [0, 129). இந்த வாசிப்பு கைவராமல் டம்ப்பைத் திறந்தால் சரியான வீச்சுகள் எல்லாம் தப்பாகத் தெரியும்.

1. குற்றம் நிரலிலா, கம்பைலரிலா?

இதை முதலில் தீர்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஓ0-க்கும் ஓ2-க்கும் விடை வேறுபடுவது கம்பைலர் பிழைக்குச் சான்று ஆகாது. வரையறையற்ற நடத்தை (என்ன நடக்க வேண்டும் என்று மொழி சொல்லாமல் விட்ட செயல்) உள்ள நிரலில் இரண்டு விடைகளும் செல்லும்.

நம் எடுத்துக்காட்டையே 32 பிட் இன்ட் கொண்டு எழுதியிருந்தால் கதை மாறிவிடும். −2147483648-ஐ எதிர்க்குறியாக்கினால் இன்ட் வகையிலேயே ஓவர்ஃப்ளோ, அது வரையறையற்ற நடத்தை. "ஆ எதிர்மமாக இருக்கவே முடியாது" என்று ஆப்டிமைசர் முடிவெடுப்பது அங்கே அதன் உரிமை. 8 பிட்டில் அந்த உரிமை இல்லை. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு நிரல்களில் ஒன்றுக்கு அறிக்கை பதியலாம், மற்றதற்குப் பதிந்தால் "செல்லாது" என்று மூடிவிடுவார்கள்.

வரையறையற்ற நடத்தைக்கான சானிடைசரை (நிரல் ஓடும்போதே அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி) போட்டு, பிழை தரும் அதே உள்ளீட்டோடு ஓட்டுங்கள். வேறு உள்ளீட்டில் சுத்தமாக ஓடியது எதையும் நிரூபிக்காது. துவக்கப்படாத மாறிகளை அது பிடிக்காது. அதற்கு கிளாங்கின் மெமரி சானிடைசர் அல்லது வால்கிரைண்ட் வேண்டும். கடைசியாக எஃப்-ராப்வி கொடுத்துப் பாருங்கள், குறியுள்ள ஓவர்ஃப்ளோவைச் சுற்றிவருவதாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் தேர்வு அது. அதைக் கொடுத்ததும் பிழை மறைந்தால் நிரல் மேலான சந்தேகம் கூடும். கூடும் அளவுதான், தீர்ப்பு ஆகாது. அந்தத் தேர்வு பல ஆப்டிமைசேஷன்களையும் சேர்த்தே அடக்கிவிடுவதால் உண்மையான பிழையும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

2. நிரலைச் சுருக்குங்கள், ஆனால் காவலோடு

சுருக்கும் கருவிக்கு "இந்த நிரல் இன்னும் சுவாரசியமானதா?" என்று சொல்லும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை நீங்கள் எழுதித் தர வேண்டும். அதில் "ஓ0 விடையும் ஓ2 விடையும் வேறு" என்று மட்டும் எழுதினால், கருவி சந்தோஷமாக ஒரு துவக்கத்தை அழித்து, வரையறையற்ற நடத்தை உள்ள குட்டி நிரலைக் கையில் கொடுக்கும். அது அழகாகத்தான் இருக்கும், பிழைதான் வேறு.

ஆகவே ஸ்கிரிப்டில் காவல்கள் வேண்டும்: சானிடைசர் எதுவும் சொல்லக்கூடாது, துவக்கப்படாத மாறி பற்றிய எச்சரிக்கை வந்தால் நிராகரிக்க வேண்டும், முடிவில்லாமல் ஓடும் நிரலை நிறுத்த நேர வரம்பு வேண்டும். ஓ0 விடை நீங்கள் எதிர்பார்க்கும் குறிப்பிட்ட எண்ணாகவே இருக்க வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள். சுருக்குவது மெதுவாகும், பரவாயில்லை.

3. எந்த பாஸுக்குப் பிறகு விடை கெடுகிறது?

எல்எல்விஎம்மில் ஆப்ட்-பைசெக்ட்-லிமிட் இருக்கிறது. ஒவ்வொரு பாஸ் ஓட்டத்துக்கும் ஒரு எண் தந்து, நீங்கள் சொல்லும் எண்ணோடு நிறுத்திக்கொள்ளும். பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஆயிரம் ஓட்டங்கள் இருந்தாலும் பத்து முயற்சியில் ஒன்றில் வந்து நிற்கும். ஜிசிசியில் பாஸ்களைத் தனித்தனியாக அணைக்கலாம், வீச்சுப் பரப்பும் விஆர்பி பாஸுக்குத் தனித் தேர்வே உண்டு. டீபக் கவுன்டர் வசதியுள்ள மாற்றங்களை எண்ணி நிறுத்தவும் முடியும்.

நம் எடுத்துக்காட்டில் இந்தத் தேடல் கிளை வெட்டும் பாஸில் போய் நிற்கும். பலரும் அங்கேயே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். இந்தப் படி சொல்வது இவ்வளவுதான்: தவறு இந்த இடத்துக்குள்ளாகவோ, இதற்கு முன்போ நுழைந்துவிட்டது.

4. முதல் பொய்யைக் கண்டுபிடியுங்கள்

முழு வேலையின் மையம் இதுதான், நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள்.

பிழை தரும் ஒரே உள்ளீட்டைக் கையில் எடுங்கள்: அ = −128. ஒவ்வொரு பாஸுக்குப் பிறகும் ஐஆரை அச்சிடுங்கள். மாற்றம் நடந்த இடங்களை மட்டும் காட்டும் பிரின்ட்-சேஞ்ச்ட் தேர்வு இருந்தால் கண்ணுக்கு இதம். பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள். இந்த உள்ளீட்டுக்கு இந்த வரியின் உண்மையான மதிப்பு என்ன? கம்பைலர் இதன் மேல் என்ன உறுதி சொல்லியிருக்கிறது? அந்த உறுதிக்குள் உண்மையான மதிப்பு அடங்குகிறதா?

உறுதி என்பது வீச்சு மட்டும் இல்லை. "ஓவர்ஃப்ளோ ஆகாது" என்ற ஃப்ளாக்கும் ஓர் உறுதிதான். எல்எல்விஎம்மில் என்எஸ்டபிள்யூ (குறியுள்ள கணக்கு வழியாது), என்யூடபிள்யூ (குறியற்ற கணக்கு வழியாது), தனிமதிப்பைத் தரும் உள்ளமைந்த செயலான அப்சல்யூட் வேல்யூ இன்ட்ரின்சிக்கில் "மிகச்சிறிய எண் வந்தால் பாய்சன் (நம்பக்கூடாத கெட்ட மதிப்பு)" என்று சொல்லும் இரண்டாம் ஆர்க்யுமென்ட், லோடின் (நினைவகத்திலிருந்து படிக்கும் கட்டளை) மேல் ஒட்டும் ரேஞ்ச் மெட்டாடேட்டா எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

நம் எடுத்துக்காட்டில் தாள் இப்படி நிரம்பும்:

முதல் கட்டத்தில் அ 32 பிட்டுக்கு விரிகிறது, மதிப்பு −128. உறுதி [−128, 128). அடங்குகிறது.

நம் நிபந்தனை வரியை ஆப்டிமைசர் தனிமதிப்பு (குறியை நீக்கிய எண்) என்ற ஒரே கணக்காக மாற்றியிருக்கிறது, அது 32 பிட்டில் 128. ஃப்ளாக் "மிகச்சிறிய எண் வராது" என்கிறது. 32 பிட்டின் மிகச்சிறிய எண் −2147483648, இங்கே அது வரவே வராது. உண்மை.

அடுத்து ஒரு குறுக்கும் பாஸ் வருகிறது. "விடை எப்படியும் 8 பிட்தானே" என்று 32 பிட் கணக்கை 8 பிட் கணக்காக மாற்றுகிறது. ஃப்ளாக்கை அப்படியே நகலெடுத்துவிடுகிறது. இப்போது அது சொல்வது: "8 பிட்டின் மிகச்சிறிய எண் வராது." ஆனால் −128 வந்திருக்கிறது. பொய்.

இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒழுங்கான தர்க்கம். ஃப்ளாக்கை நம்பிய வீச்சுக் கணக்கு [0, 128) என்கிறது, அந்த வீச்சை நம்பிய பாஸ் "ஆ < 0 பொய்" என்று கிளையை வெட்டுகிறது. கணக்கும் சரி, வெட்டியதும் சரி. தவறு இரண்டுக்கும் முன்னால், ஒரு பிட்டில்.

5. பொய்யின் வகையைப் பிரியுங்கள்

வகை தெரிந்தால்தான் திருத்தம் எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

பழைய ஃப்ளாக் ஒட்டிக்கொண்டிருப்பது: நாம் பார்த்தது இதுதான். கணக்கின் அகலமோ வரிசையோ மாறும்போது ஃப்ளாக் தானாகச் செல்லாததாகிவிடும். (அ + 1) + ஆ என்பதை அ + (1 + ஆ) என்று மாற்றுவதைப் பாருங்கள். அ = −100, ஆ = 127 என்றால் 8 பிட்டில் முதல் வடிவத்தில் −99, பிறகு 28, எங்கும் வழியவில்லை. இரண்டாம் வடிவத்தில் 1 + 127 உடனே வழிந்துவிடும். பழைய ஃப்ளாக்கைப் புதிய கூட்டலில் ஒட்டினால் பிழை பிறந்தாயிற்று.

வீச்சுக் கணக்கே தவறாக இருப்பது: குறியுள்ள பெருக்கலில் கீழ் எல்லைகளை மட்டும் பெருக்குவது, வகுத்த மீதியின் குறி வகுபடும் எண்ணைப் பின்பற்றும் என்பதை மறப்பது, −128 ÷ −1-ஐ மறப்பது.

இடம் மாறிய உண்மை: "அ < 10" என்பது ஒரு கிளைக்குள் மட்டும் உண்மை. அதை நம்பிக் கணக்கிட்ட வீச்சோ, வீச்சு ஒட்டிய லோடோ கிளைக்கு வெளியே நகர்ந்தால் உண்மை பொய்யாகிவிடும். கன்ட்ரோல் ஃப்ளோவை மாற்றிவிட்டு, வீச்சுப் பகுப்பாய்வின் கேஷை (சேமித்து வைத்த பழைய விடைகளை) அழிக்க மறப்பதும் இதில் சேர்த்தி. இந்த வகை, பாஸ்களின் வரிசையை மாற்றினாலே மறைந்துவிடும் என்பதால் பிடிப்பது கஷ்டம்.

நிலையில்லா மதிப்பு: அன்டெஃப் (துவக்கப்படாத மதிப்பைக் குறிக்கும் ஐஆர் சொல்) ஒவ்வொரு பயன்பாட்டிலும் வேறு மதிப்பாகத் தோன்றலாம். ஒரு பயன்பாட்டை வைத்துக் கண்ட வீச்சை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் தவறும். மதிப்பை ஒன்றாக நிலைநிறுத்தும் ஃப்ரீஸ் அறிவுறுத்தல் இருப்பது இத்தகைய இடங்களுக்காக.

எழுத்துமுறைத் தவறு: 16 பிட் வீச்சு [0, 256)-ஐ 8 பிட்டுக்கு வெட்டும்போது இரு எல்லையும் 0 ஆகிவிடும். கான்ஸ்டன்ட்ரேஞ்சில் இரண்டும் 0 என்றால் வெற்று வீச்சு. வெற்று வீச்சுக்கு "இந்த இடத்துக்கு யாரும் வரவே மாட்டார்கள்" என்று பொருள். "256 அல்லது அதற்கு மேல் உறுப்புகள் இருந்தால் முழு வீச்சு" என்பதற்குப் பதில் "256-க்கு மேல்" என்று எழுதினால் இதுதான் நடக்கும். இதில் ஒரு குறும்பு உண்டு. [10, 266) வந்தால் [10, 10) ஆகும், அது செல்லாத வடிவம், அசெர்ஷன் கத்திவிடும். [0, 256) மட்டும் செல்லுபடியாகும் வெற்று வீச்சாக மாறிச் சத்தமில்லாமல் நழுவும்.

6. சரியான விடையைத் தாளில் போடுங்கள்

கோடைத் தொடும் முன் சரியான விதியை எழுதுங்கள். ஃப்ளாக் இல்லாத 8 பிட் தனிமதிப்பு என்ன தரும்? 0 முதல் 127 வரை, கூடவே −128. குறியுள்ள எண்ணாகப் பார்த்தால் இரண்டு துண்டாகத் தெரியும். குறியற்ற எண்ணாகப் பார்த்தால் 0 முதல் 128 வரை ஒரே துண்டு, [0, 129). எந்தக் கண்ணோடு பார்த்தால் வீச்சு உடையாமல் இருக்கிறதோ அந்தக் கண்ணோடு கணக்கிடுங்கள். துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு "சரி, முழு வீச்சு என்றே வைத்துவிடலாம்" என்று கைவிடுவது தேவையில்லாத இழப்பு.

இரண்டு சிறிய சோதனைகள்: அ −128 முதல் −120 வரை என்றால் விடை [120, 129). அ −100 முதல் 50 வரை என்றால் பூஜ்யத்தைத் தாண்டுகிறது, விடை [0, 101).

7. திருத்தம்

மூன்று இடங்களில் திருத்தலாம், இரண்டு தவறு.

கிளை வெட்டும் பாஸில் "தனிமதிப்பாக இருந்தால் வெட்டாதே" என்று எழுதலாம். இந்த டெஸ்ட் தேறும். அதே ஃப்ளாக்கை நம்பும் மற்ற பாஸ்கள் வேறொரு நாள் வேறொரு நிரலைக் கெடுக்கும்.

வீச்சுக் கணக்கில் ஃப்ளாக்கைப் பார்க்காமல் எப்போதும் [0, 129) தரலாம். இதுவும் தேறும். ஆனால் ஃப்ளாக் உண்மையாக இருக்கும் ஆயிரம் இடங்களில் எல்லைச் சோதனைகளை நீக்க முடியாமல் போகும்.

சரியான இடம் குறுக்கும் பாஸ். 8 பிட்டுக்கு மாற்றும்போது ஃப்ளாக்கைக் கழற்ற வேண்டும். உள்ளீட்டின் வீச்சில் −128 இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கட்டளைகளை எளிமையாக்கும் பாஸான எல்எல்விஎம்மின் இன்ஸ்ட்கம்பைனில், குறி நீட்டிய எண்ணின் தனிமதிப்பைக் குறுகிய அகலத்துக்குக் கொண்டுவரும் மாற்றம் ஃப்ளாக்கைக் கழற்றிவிட்டுத்தான் செய்கிறது. அதைப் படித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

திருத்தம் இரண்டு மூன்று வரியில் முடிந்தால் சந்தேகப்பட வேண்டாம். முப்பது வரி வந்தால்தான், நான்காம் படிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

8. எல்லா வீச்சுகளையும் சோதியுங்கள்

ஃப்ளாக்கைக் கழற்றியதும் இதுவரை அதிகம் புழங்காத பாதை திறக்கிறது: வீச்சுக் கணக்கின் "ஃப்ளாக் இல்லாத" கிளை. அது சரியா என்று யாரும் பார்க்காமலேயே இருந்திருக்கலாம். ஆகவே திருத்தியது பாஸை என்றாலும் கணக்கையும் சோதியுங்கள்.

கையால் பத்து எடுத்துக்காட்டு எழுதுவதில் பயனில்லை. நீங்கள் யோசிக்காத எல்லைதான் உடையும். 4 பிட் அகலத்தில் சாத்தியமான எல்லா வீச்சுகளையும் எடுங்கள். எல்லைகள் வேறாக உள்ளவை 16 × 15 = 240, வெற்று, முழு வீச்சு சேர்த்து 242. ஒவ்வொரு வீச்சின் ஒவ்வோர் உறுப்புக்கும் நேரடியாகக் கணக்கிட்டு, விடை வீச்சுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு உள்ளீடு உள்ள கணக்குகளுக்கு 242 × 242 = 58,564 ஜோடிகள், கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கான்ஸ்டன்ட்ரேஞ்சின் யூனிட் டெஸ்ட்கள் இந்த முறையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

ஃப்ளாக் உள்ள வடிவத்தைச் சோதிக்கும்போது −8-ஐத் தவிர்க்க மறக்காதீர்கள். 4 பிட்டில் அதுதான் மிகச்சிறிய எண், அதன் விடை பாய்சன், எந்த வீச்சிலும் அடங்க வேண்டியதில்லை. இல்லாத பிழையைத் துரத்தி ஓடுவது பெரும்பாலும் இங்கே தொடங்கும்.

பொய் சொல்லாமை கட்டாயம். துல்லியம் தனி விஷயம். சாத்தியமான மிகச்சிறிய வீச்சோடு ஒப்பிட்டு எண்ணிக்கொள்ளுங்கள், முன்பைவிட மோசமாகாமல் இருந்தால் போதும்.

பாஸின் மாற்றத்தை அலைவ்2-வில் முன்–பின் வடிவங்களாகக் கொடுத்துச் சரிபாருங்கள். சுழல் இருந்தால் அது குறிப்பிட்ட சுற்றுகள் வரைதான் விரித்துப் பார்க்கும், அந்த விடையை முழு நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

9. உடன்பிறப்புகளைத் தேடுங்கள்

தனிமதிப்பில் ஃப்ளாக்கை நகலெடுத்தவர் கழித்தலிலும் இடப்பெயர்ச்சியிலும் அதையே செய்திருக்க வாய்ப்பு அதிகம். அதே பாஸில் ஃப்ளாக் நகலாகும் ஒவ்வொரு வரியையும் தேடி, "இந்த உறுதி புதிய அகலத்திலும் உண்மையா?" என்று கேளுங்கள். முன்னும் பின்னும் நகலெடுத்து ஒட்டிய கோட் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்டுபிடித்ததைத் தனித்தனி மாற்றங்களாக அனுப்புங்கள், ஒன்றில் சிக்கல் வந்து திரும்பப் பெற நேர்ந்தால் மற்றவை பிழைத்துக்கொள்ளும்.

10. டெஸ்ட் எழுதி அனுப்புதல்

முதலில் டெஸ்டை மட்டும், இப்போதைய தவறான விடையோடு பதிவிடுங்கள். பிறகு திருத்தத்தைப் போடுங்கள். மதிப்பாய்வு செய்பவருக்கு என்ன மாறியது என்பது டெஸ்டின் வேறுபாட்டிலேயே தெரிந்துவிடும். எல்எல்விஎம்மில் இது நடைமுறை வழக்கம்.

−128 வரக்கூடிய வடிவத்தில் கிளை மிஞ்ச வேண்டும். அ −127 முதல் 127 வரை என்று தெரிந்த வடிவத்தில் ஃப்ளாக் தங்கி, கிளை போக வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் ஃப்ளாக்கை மொத்தமாகக் கழற்றினாலும் எந்த டெஸ்டும் குறை சொல்லாது. 32-இலிருந்து 16 பிட்டுக்கு ஒன்று, வெக்டருக்கு ஒன்று சேருங்கள். டெஸ்டில் அந்த ஒரு பாஸை மட்டும் ஓட்டுங்கள். முழு ஓ2 வரிசையை ஓட்டினால் வேறு பாஸ் மாறும்போதெல்லாம் உங்கள் டெஸ்ட் உடையும்.

எதிர்பார்க்கும் வெளியீட்டைக் கருவியால் உருவாக்கினாலும் ஒருமுறை கண்ணால் படியுங்கள். கருவி தவறான விடையையும் அதே அக்கறையோடு பதிவுசெய்யும்.

மாற்றக் குறிப்பில் முதல் பொய்யை எழுதுங்கள்: எந்த வரி, எந்த உள்ளீடு, எந்த உறுதி. "தவறான கோட் உருவாவது சரிசெய்யப்பட்டது" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. பிறகு கம்பைலரைக் கொண்டே கம்பைலரைக் கட்டி, அந்த இரண்டாம் கட்டக் கம்பைலரில் மொத்த டெஸ்ட்களையும் ஓட்டுங்கள். வீச்சுத் திருத்தம் வேறு எதையாவது கிளறிவிட்டால் அங்கே தெரிய வாய்ப்பு அதிகம். எல்லாம் தேறினால், தப்பான கோட் தரும் பிழை என்பதால், பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் இதைக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள்.